பின்சுவரில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

இரத்தோட்டை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகன் இன்ஷாபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் உன் உம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, கட்டாரில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் விடவில்லை. போன் இருக்கும்போது வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை, வொய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் இனி அதைத் தொடவே எனக்குக் கை கூசுகிறது. வில்கமுவயில் இருந்து ஒருவர் புதன்கிழமை டோஹாவுக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, கீழ் அறையை உனக்கென்று ஒதுக்கிவிட்டதால் கராம்பெல்லாம் மேலே விறாந்தையில் பரப்பிக் கிடக்கிறது, காய்ந்த மாதிரியும் இல்லை.

அந்த அறையைப் பற்றித்தானே நீ ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாய், அதையே முதலில் எழுதுகிறேன். மிளகு மூட்டை அடுக்கிய அறை, மூன்று பக்கமும் மண், என்ன சத்தம் போட்டாலும் ரோட்டுக்குக் கேட்காது, கலியாணத்துக்குப் பிறகு நுஸ்ராவும் நானும் அங்கே இருந்து படம் பார்ப்போம் என்று நீதான் சொன்னாய். முன்னுக்கு வைக்கும் மூன்று ஸ்பீக்கரும் அம்ப்ளிஃபயரும் உன் கார்கோ பெட்டியில் வந்தன. பின்னால் வைக்கும் இரண்டையும் பேஸ் பெட்டியையும் இங்கேயே பார்த்து எடுக்கச் சொன்னாய். வயரிங் வேலை செய்யும் ஹஸீபைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போனேன். கடைக்காரர் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பேஸ் பெட்டியைக் காட்டினார், எனக்கும் ஆசைதான், ஹஸீப்தான் என் கையைப் பிடித்து, ஸக்கரியா நானா, மூணு பக்கமும் மண்ணு, இதப் போட்டா அறை உறுமுமே தவிர படத்துல என்ன பேசுறாங்கன்னு ஒண்ணும் வெளங்காது என்று சொல்லி சின்னதாக ஒன்றை எடுக்கவைத்தான். நடு ஸ்பீக்கரில் இருந்துதான் பேச்சு வருமாம், அதை டீவிக்குக் கீழே வைத்து, காதைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் நிமிர்த்தினோம். இடமும் வலமும் உட்கார்ந்து பார்க்கும் கதிரையில் இருந்து ஒரே தூரம் வர வேண்டும் என்று நானே நூல் பிடித்து அளந்தேன். பின்னால் உள்ள இரண்டையும் கூரையோடு வைக்கப் போனான், நான் விடவில்லை, இருக்கிற ஆளின் காதுக்கு ஒரு சாண் மேலே என்று நீ சொன்னாயே. கதிரையில் இருந்தால் உனக்கும் உம்மாவுக்கும் ஒரே உயரம், அதனால் அவவை நடுக் கதிரையில் இருத்தி, காதைப் பார்த்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். அவ சிரித்துச் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டா, இரண்டு தரம் அழித்துப் போட வேண்டியதாயிற்று.

கையைத் தட்டினால் நாலு தரம் எதிரொலித்தது. கனமான திரை ஒன்று தொங்கவிட்டால் அடங்கும் என்றான் ஹஸீப். அது நுஸ்ராவின் காதுக்கு எட்டி, இரட்டைத் துணி வைத்து அவளே தைத்தாள். நீ வந்து பார்த்த பிறகுதான் கீழ் அறைக்கு வருவேன் என்று வெட்கப்பட்டு, திரையை அவளுடைய வாப்பா உம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள்.

அது போன வெள்ளிக்கு முதல் வெள்ளி. காலையில்தான் உன் வொய்ஸ் மெசேஜ் வந்தது. நான் திறக்கப் போனேன், உம்மா போனைப் பறித்துக்கொண்டா, பொறுங்க, இண்டைக்கு எல்லாம் பூட்டி முடியுதே, புது ஸ்பீக்கர்ல மொத சத்தம் மகன்ட சத்தமா இருக்கட்டும் என்றா. அஸர் தொழுதுவிட்டு ரிஸ்வி மாமாவும் ஜுனைதா மாமியும் திரையோடும் வட்டிலப்பத்தோடும் வந்தார்கள். திரையைத் தொங்கவிட்டோம், உம்மா நடுக் கதிரையில், மாமியும் மாமாவும் இரண்டு பக்கமும். ஹஸீப் என் போனை அதோடு இணைத்து, எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி எதையோ அமத்தினான். வாப்பா, இத உம்மா இல்லாத எடத்துல கேளுங்க என்று நீ தொடங்கினாய். உம்மாவுக்குச் சிரிப்பு, எனக்குத் தெரியாம கலியாணச் சாரி எடுத்திருக்கான் போல என்றா. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் மகன், எனக்குப் புத்தி வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்பே ஷஸ்னா என்ற பிள்ளையை அங்கே நிக்காஹ் செய்துவிட்டதையும், நுஸ்ரா வீட்டுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்பதையும் நீ ஐந்து பக்கத்தில் இருந்தும் சொன்னாய். ஒரு சொல்லும் தப்பாமல் கேட்க வேண்டும் என்றுதானே ஆறு வாரம் பாடுபட்டேன், ஒரு சொல்லும் தப்பவில்லை. ஹஸீப் நிறுத்தும் இடத்தைத் தேடிப் பிடிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வருஷமாக வாய் நிறைய சம்மந்தி என்று கூப்பிட்ட மனுஷன், எழும்பி, ஸக்கரியா ஹாஜியார், நாங்க போயிட்டு வாறோம் என்றார். அந்தக் கூப்பிடுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமி படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டா. மறுநாளே உம்மா திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டா, கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகம் இல்லை. அறையில் எதிரொலி திரும்பி வந்துவிட்டது.

நீ ஏன் பெட்டி பெட்டியாக அனுப்பினாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் சாமானாக அனுப்பியிருக்கிறாய். அந்த ஷஸ்னா மேல் எனக்குக் கோபம் இல்லை, கட்டிக்கொண்டாய், கண்கலங்காமல் வைத்துப் பார். ஆனால் நுஸ்ரா இந்த எட்டு மாதமும் இன்னொருத்தியின் புருஷனுக்காகக் காத்திருந்திருக்கிறாள், திரையும் தைத்திருக்கிறாள். ரிஸ்வி மாமாவை நீயே கூப்பிட்டு உன் வாயால் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். மெசேஜ் வேண்டாம், அவர் திரும்பச் சொல்வதை நீ கேட்க வேண்டும், ஏசினால் ஏச்சையும் கேள். அவர்கள் மகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், உன் வாயால் முடிவு வராமல் அது முடியாது. அதைச் செய்யாமல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உம்மா எழுத விடவில்லை.

ஏன் என்றால், நீ பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பதிவாகி இருக்கிறது. விரலை எடுக்க மறந்துவிட்டாய் போல. மூச்சை இழுத்து அழுகிறாய். போனைக் காதில் வைத்து நான் பிறகு கேட்டுப் பார்த்தேன், காற்றுச் சத்தம் மாதிரித்தான் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த அறையில் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், உம்மா மட்டும் கதிரையில் இருந்து திரும்பிப் பின்னால் பார்த்தா. பிறகு கேட்டதற்கு, மகன் பின்னுக்கு நின்னு அழுற மாதிரி இருந்திச்சு என்றா.

அல்லாஹ் உனக்கும் உன் மனைவிக்கும் பரக்கத் செய்வானாக, உன்னால் நொந்த மனங்களுக்கும் ஆறுதல் தருவானாக. ரிஸ்வி மாமா மஃரிபுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார், வருகிற வெள்ளிக்கு முன்னால் கூப்பிடு, மறக்காதே. செவ்வாய்க்கிழமை ஹஸீப் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போடப் போகிறான், நான்தான் சொன்னேன். முன்னுக்கு இருப்பதை எல்லாம் கொண்டு போகட்டும், பின்சுவரில் இருக்கிற இரண்டிலும் கை வைக்கக் கூடாது என்று உம்மா சொல்லிவிட்டா.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஸக்கரியா