ஈறுக்குள் ஒரு கொடிக்கால்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகந்தானே? எனக்கு இங்கே லண்டனில் குறையொன்றுமில்லை.

போன மாதம் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். பதறாதீர்கள், மறுநாளே சோறு சாப்பிட்டேன். அதோடு வந்த ஈறுத் துணுக்கை எங்கள் ஆய்வகத்துக்கே கொடுத்தேன். அதில் வளர்ந்த செல்களை இன்று நுண்ணோக்கியில் பார்த்தேன். நம் கொடிக்காலில் நீங்கள் வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தில் கட்டுவதுபோல, ஈறைப் பல்லோடு இறுக்கும் நாரைச் செய்பவை இவைதான். ஈறில் வீக்கம் நீடித்தால், இவையே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன.

“வயசானா பல்லு ஆடாம இருக்குமா, சாமி?” என்கிறீர்கள். வயதல்ல அப்பா, அந்த வீக்கம்தான். நாமக்கல் போய் ஈறைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மிச்ச எலும்பாவது நிற்கும்.

அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். நிறுத்தத்தில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. ஞாயிறன்று வீடியோவில் துண்டால் வாயை மூடாமல் சிரியுங்கள், பல் ஆடினாலும் பரவாயில்லை.

உங்கள்
தனப்பிரியா