இரண்டாம் குரல்காரியின் பொறாமை

என் கண்ணான தங்கை தெரேசாளுக்கு,

டைபாய்டு ஜுரம் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டை முடிந்து, குண்டுக்குப் பயந்து தெருவிளக்குகளுக்குப் போட்ட கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டார்கள். ரேஷன் அரிசியில் கல் மட்டும் குறையவில்லை. அம்மா சுகம். நான்? உன்மேல் பொறாமையாகவே இருக்கிறேன். செத்தவள்மேல் பொறாமைப்படுகிறவளும் உண்டா என்பாய். உண்டு, மயிலாப்பூரில் இருக்கிறாள்.

பூசைக்குப் போனால் யாராவது கையைப் பிடித்து உன் பாட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார்கள். மீன் விற்கும் மரியம்மா, "இன்னாம்மா, உன் தங்கச்சி பாட்டு இன்னும் காதுலயே கீது" என்கிறாள். சிறுவயதிலிருந்து உன் பக்கத்தில் நின்று பாடியவள் நான். என் குரல் ஒருவர் காதிலும் தங்கவில்லையே. ஆண்டவர் திறமை என்ற தாலந்துகளைப் பங்கிட்டபோது உனக்கு ஐந்து, எனக்கு ஒன்று. அதுவும் இரண்டாம் குரல். நீ மேலே மெட்டைப் பாட, நான் கீழே ஒத்துப் பாட வேண்டும். ஒரே பந்தியில் உனக்குப் பாயசம், எனக்குத் தண்ணீர்.

மாதா திருநாளுக்கு மேல் குரலுக்கு ஆளில்லை என்று பங்கு சாமியார் என்னைக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹார்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், வந்தது இரண்டாம் குரல். பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை அப்படியே பாடி முடித்தேன். தங்களுக்கு மனப்பாடமான பாட்டை அடையாளம் தெரியாமல் சனங்கள் விழித்தார்கள். மரியம்மா கோவில் படியிலேயே கேட்டுவிட்டாள்: "இது எந்தூர் பாட்டும்மா, லத்தீனா?"

அதோடு பாடுவதை நிறுத்தினேன். மேல் குரலுக்குப் பிலோமினா என்ற புது டீச்சர் வந்தாள். அவள்மேலும் பொறாமைதான், மறைப்பானேன்? சனங்களோடு உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டே, எங்கே பிசகுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிசகினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். "அக்கா, கீழ ஆள் இல்லாம சுருதி நழுவிப் போவுது. நீங்க வரலைன்னா கிறிஸ்துமஸுக்கு நானும் பாடல. தெரேசாக்கா பாடி ஒரு தபா கேட்டிருக்கேன். நீங்க கீழ பிடிச்சிக்கினு இருந்ததாலதான் அவங்க பயமில்லாம மேல போனாங்க" என்றாள்.

ஒரே ஒரு தடவை கேட்டவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாதா, தெரேசா? தெரிந்துதான் சொல்லாமல் இருந்தாயா? "அக்கா, நீ இருக்கிறதாலதான் பாடறேன்" என்று ஒருநாள் சொல்லியிருந்தால் உன் வாய் நோகுமா? அவள் போனபிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ இல்லையே என்று அழுதேனா, நீ சொல்லவில்லையே என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

வேதத்தில் வரும் சோம்பேறி ஊழியனைப் போல், இருக்கிற ஒரு தாலந்தையும் மண்ணில் புதைத்துவிட்டு ஆண்டவர் முன்னால் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் பிலோமினாவுக்குக் கீழே பாடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. ஆனால் மோட்சத்தில் நான் வந்து சேரும்போது மேல் குரல் எனக்குத்தான். அதற்குள் இரண்டாம் குரலைப் பழகி வை. அந்தக் கஷ்டம் உனக்கும் தெரியட்டும்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த, கோபம் இன்னும் தீராத அக்கா,
ஞானம்மாள்