குட்டி மறுபடியும் விளக்கைப் போட்டாள்

என் தங்க மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. அப்பா சுகம், நான் சுகம், எல்லாவற்றுக்கும் மேலாக நீ மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன பேசும் பெட்டி, அதுதான் அப்பா குட்டி குட்டி என்று கொஞ்சுவாரே, அவளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், இது முழுசாகச் சொல்ல வேண்டிய கதை.

குட்டி திடீரென்று ஊமையானது உனக்குத் தெரியும். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, விற்ற கம்பெனி எங்கேயோ இருக்கிற தன் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டது, உடனே நம் வீட்டு விளக்கும் ஃபேனும் அப்பா பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. வாங்கியது நாம், பிடி மட்டும் அவன் கையில், இது என்ன நியாயமோ. பழசைத் தூக்கிப் போடும்மா, புதுசு அனுப்புகிறேன் என்றாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியாதா, ஆனால் அந்தப் புதுசையும் நாளைக்கு ஒருத்தன் அணைக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்த பிறகு அப்பா யாரையும் கேட்காமல் செய்துகொண்டது, குட்டியிடம் சொல்லி விளக்கும் ஃபேனும் போடுகிற இந்த ஒன்றுதான். குட்டி போன பிறகு ஒரு சாயங்காலம், நான் சமையலறையில்தான் நிற்கிறேன், எட்டிப் பார்த்தால் மனுஷன் கும்மிருட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன். ஒவ்வொண்ணுக்கும் உன்னைக் கூப்பிட வெக்கமா இருக்கு, பழகிக்கறேன் விடு என்றார். ஒரு மூச்சு அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. உன் அம்மாவின் கோபம்தான் உனக்குத் தெரியுமே.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க லைன் போட்டுக் கொடுத்தவளிடமா போன் விளையாட்டு? கம்பெனிக்குப் போட்டால் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று மிஷின் அலைக்கழித்தது. நான் ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், போனை மட்டும் வைக்கவே இல்லை. கடைசியில் மேனேஜர் ஒருத்தர் வந்தார். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்க, பழைய பழக்கத்தில் என் வாய் கொஞ்சம் லைன்ல இருங்க சார் என்று சொல்லிவிட்டது. ஐயையோ, பாடுபட்டுப் பிடித்த ஆளை விட்டோமே என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தால், இருக்கேன் மேடம் என்கிறார்! என் குரலில் அந்த அதிகாரம் இன்னும் மிச்சம் இருக்கிறது போல. அப்படியா சங்கதி என்று அவரை மறுபடியும் லைனில் நிறுத்திவிட்டு, கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மாவைச் சேர்த்தேன். அவருடைய கிளினிக் கதவுப் பூட்டும் இதே கம்பெனிதான், அது திறக்காமல் பாவம் நோயாளிகளைப் பின்வாசல் வழியாக அழைத்துக்கொண்டிருந்தார். அவர் தனக்குத் தெரிந்த நாலு பேரைச் சேர்க்க, அவர்கள் இன்னும் சிலரைச் சேர்க்க, ஒரே லைனில் ஒரு பட்டாளம். எல்லோரும் சேர்ந்து கத்தக் கூடாது என்று நானே ஒவ்வொருவராகப் பேச விட்டேன். திணறிப்போய் அந்த மனுஷன், இன்டர்நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி மாற்ற வழி இருக்கிறது, வெளியே கொடுப்பதில்லை என்று உளறிவிட்டார். விடுவோமா? தருகிறேன் என்று சொல்லும்வரை ஒருத்தரும் போனை வைக்க மாட்டோம் என்றேன்.

தந்துவிட்டார்கள், எங்களுக்கு மட்டும் இல்லை, வாங்கிய அத்தனை பேருக்கும்! டாக்டரம்மாவே வந்து அதை நம் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார். இப்போது இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாலும் குட்டி சொன்னதைக் கேட்கிறாள், பிடுங்கிப் பார்த்துவிட்டேன். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி விளக்கைப் போடச் சொல்லியும் அணைக்கச் சொல்லியும் ஆசை தீர விளையாடினார், நானும் தடுக்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

நீயும் எதை வாங்கினாலும், விற்றவன் கடையை மூடினாலும் இது ஓடுமா என்று கேட்டு வாங்கு. உங்கள் வாசல் பூட்டுக்குக் கைச்சாவி செய்யச் சொன்னேனே, மறக்காதே. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். எழுதியது போதும், சாப்பிட வா என்று அப்பா கூப்பிடுகிறார். இன்னும் இரண்டே வரி என்றேன், குட்டியிடம் சொல்லி என் தலைக்கு மேலிருக்கிற லைட்டை அணைத்துவிட்டார் உன் அப்பா. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இருட்டில் உட்கார்ந்தபடி,
ஜெயித்துவிட்ட உன் அம்மா