தகட்டின் பின்னால் உன் பெயர்

மாப்ள,

ஆய்வகத்து அலமாரியை இன்று ஒழித்தபோது அந்தத் தகடு கையில் அகப்பட்டது. முறிந்த ஓரத்தில் கற்றாழை நார் மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் மார்க்கரில் உன் பெயர், உன் கையெழுத்திலேயே. இத்தனை வருடமாக இதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை. அலுத்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கற்றாழை நாரைப் பிசினில் பதித்துத் தகடு செய்யலாம் என்று ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நாரும் பிசினும் லேசில் ஒட்டாது. அதனால் நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, அலசி, ஓவனில் ஈரமே இல்லாமல் உலர்த்தி, பிறகு பிசினோடு ஒட்டவைக்கும், காடி நெடியடிக்கும் ஒரு மருந்தில் போடவேண்டும். துளி ஈரம் மிச்சமிருந்தாலும் மருந்து நாரை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும். உலர்த்துவது என் வேலை, மருந்து உன் வேலை. "சாயப்பட்டறையில வளந்தவன் மாப்ள, மருந்த எங்கிட்ட விட்டுரு" என்பாய்.

கெட்டுப்போன தகட்டின் பின்னால் கெடுத்தவன் தன் பெயரை எழுதவேண்டும் என்பது நாமே வைத்துக்கொண்ட சட்டம். அதுவரை என் பெயர்தான் அதிகம்.

ஒருநாள் நார் ஓவனில் இருக்கும்போதே கரண்ட் போனது. டீ குடிக்கப் போய்த் திரும்பினேன், ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்று விசாரிக்கவில்லை. ஈரம் போய்விட்டதா என்று நாரை எடை போட்டுப் பார்க்கவும் சோம்பல்.

"நல்லா காஞ்சிருச்சா மாப்ள?"

"காஞ்சிருச்சு, எடுத்துக்க."

அந்த நாரில் தகடு செய்து இழுத்துப் பார்த்தபோது மூன்று தகட்டிலும் நார் அறுபடாமல் பிசினிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. நீ மூன்றின் பின்னாலும் உன் பெயரை எழுதினாய்; அதில் ஒன்றுதான் இது. "எனக்கு இம்புட்டுதான் வரும்போல" என்றாய். படிப்பை விட்டு வேலைக்குப் போ என்று வீட்டில் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் சிம்மக்கல்லில் சாயப்பொடிக் கடையில் வேலைக்கு நின்றாய்.

நான் மறுபடி உலர்த்தி, எடை மாறாமல் நிற்கும்வரை காத்திருந்து, நீ போட்ட அதே அளவில் மருந்து போட்டேன். தகடு தாங்கியது. உன் படிப்பைக் கெடுத்தது நான்தான் என்று அன்றே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் டவுன் பஸ் ஏறி வந்தேன். "தகடு நின்னுருச்சாமே மாப்ள!" என்று நீயே சந்தோஷப்பட்டு டீ சொன்னாய். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்புறம் பட்டம், வேலை. சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. போன மாதம் உன் தம்பி போன் செய்தான், நீ போய்விட்டாய் என்று.

இன்று மார்க்கரை எடுத்து உன் பெயரை அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். தகடு என் பையில்தான் இருக்கிறது. இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, மாப்ள?