உன்னை மறித்தவன்

இன்று காலை அரிசிக் கப்பல் ஒன்றில் வேலை தொடங்கியது. ஈரச் சாக்கின் மணம் மூக்கில் ஏறியதும் பலகையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு லொறிப் பக்கம் போனேன். பழக்கதோஷத்தில் கப்பல் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். நீ நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். நல்ல மனிதர்தான். மூட்டைகளைக் கைத்தொலைபேசியில் தட்டித் தட்டி எண்ணுகிறார். நீ என்றால் நான்கு கோடு போட்டு, ஐந்தாவது மூட்டைக்கு அவற்றின் குறுக்கே ஒரு கோடு இழுப்பாய். கலியாணப் பதிவில் மாப்பிள்ளை கையெழுத்து வைப்பதுபோல் இருக்கும் அந்த இழுவை. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அங்கேயே நின்றது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

மச்சான், எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது. ஹாட்வெயார் கடையொன்றில் களஞ்சியம் பார்க்கவேண்டும். சம்பளம் இங்கே வாங்குவதைவிட நல்லாய்க் குறைவு. மாமி பாரிசவாதத்தில் விழுந்ததிலிருந்து என் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அது நீ போன பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. நான் மாதத்தில் ஒருமுறை பஸ் ஏறிப் போய்வருகிறேன். கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். இன்று வியாழன்.

போகவா விடவா என்று வேறு யாரிடமும் கூசாமல் கேட்கலாம். உன்னிடம் கேட்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

துறைமுக வாசலுக்கு வெளியே இருக்கும் தேநீர்க்கடையில் வைத்துத்தான் நீ அந்தக் கதையை எடுத்தாய். பிளேன்டீக்கு மூன்றாவது கரண்டி சீனி போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாய். "மச்சான், கல்முனைல ஒரு அரிசி மில்லுல வேல இரிக்கி. சம்பளம் கொறவுதான். ஆனா ஒவ்வொரு நாளும் ஊட்டுக்கு போகலாம்" என்றாய். உன் மனைவி அங்கே ஆசிரியை. சின்னஞ்சிறு மகளும் தாயோடு இருந்தாள். நீ மூதூரில், பழைய வீட்டில் தனியே சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓடிப்போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவாய்.

நான் உன்னை யோசிக்கவே விடவில்லை. "உனக்கென்ன விசரே? கல்முனையில வீடு அரைச் சுவரோட நிக்குது. ரெண்டு வருசம் பொறு. கூரையைப் போட்டிட்டுப் போ" என்றேன். கூரை, கதவு, யன்னல், மகளின் படிப்பு என்று விரல்விட்டுச் சொன்னேன்.

நம் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. கப்பலில் நிற்பவனும் லொறியில் நிற்பவனும் ஒரே மூட்டைகளைத் தனித்தனியே எண்ணவேண்டும். இருவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவன் தன் தொகையை மற்றவனுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் மற்றவன் தன் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான். ஒருநாள் நான் அவசரத்தில் என் தொகையைக் கத்திச் சொல்லிவிட்டேன். நீ பலகையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப நான் எண்ணினத்த நானே நம்பமாட்டன். திரும்ப இறக்குங்க" என்று அந்த லொறி முழுவதையும் மறுபடி இறக்க வைத்தாய். சாரதி உன்னைத் திட்டிய திட்டு நிலாவெளி வரைக்கும் கேட்டிருக்கும். மூட்டைக்கே அவ்வளவு பிடிவாதம் பிடித்தவன் நீ. உன் சொந்தக் காரியத்தில் மட்டும், நான் முந்திச் சொன்னதும் உன் கணக்கை அழித்துவிட்டாய். "நீ சொன்னா சரிதான் மச்சான்" என்றாய். மீதித் தேநீரைக் குடிக்காமலே எழும்பினாய். எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

ஒன்றை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கூரையும் கதவும் நான் சொன்ன காரணங்கள். நீ போய்விட்டால் எனக்கு எதிரே வேறு யாரோ நிற்பார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. அதை மட்டும் உனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முடியவில்லை. கூரை போட்டாயிற்று, கதவு போடவில்லை. ஒரு காலை பத்து மணிபோல், பலகையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாய். களைப்பு என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கல்முனையில் இருந்திருந்தாலும் நெஞ்சு அப்படித்தான் நின்றிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய மாதங்கள் எல்லாம் உன் பிள்ளையோடு கழிந்திருக்கும். அவற்றை உன்னிடமிருந்து நான்தான் பறித்தேன்.

நேற்று மனைவியிடம் போனில் கேட்டேன். "நான் வாங்கோ எண்டு சொல்லமாட்டன். பிறகு காசு காணாட்டி என்னைத்தான் சொல்லுவீங்கள். நீங்களா யோசிச்சு முடிவெடுங்கோ" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். அண்ணனுக்குச் சொன்னபோது அவர் பாய்ந்து விழுந்தார். "கூடின சம்பளத்தை விட்டிட்டுக் குறைஞ்சதுக்கு ஆரும் போவினமே? கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்" என்றார். தேநீர்க்கடையில் நான் பேசியதை அவர் வாயால் கேட்டேன். எவ்வளவு அக்கறையாகப் பேசியிருக்கிறேன், மச்சான்!

உன்னை மறித்துவிட்டு நான் மட்டும் போவதா என்று நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது. இதை எழுதத் தொடங்கும்போதும் முடிவு இல்லை. சற்று முன் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போய், கடைக்காரருக்குப் போன் எடுத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை.

கடைக்காரருக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்காவது சொல்லவேண்டும். உன்னை அடக்கம் செய்த அன்று மூதூரில் நடந்தது இது. நான் யாருக்கும் சொன்னதில்லை. கபுறடியில் உனக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பி உன் வீட்டு வாசலில் நின்றோம். கல்முனையிலிருந்து வந்த வேனில் தூங்கிப்போயிருந்த உன் மகள் அப்போதுதான் எழும்பி இறங்கி வந்தாள். நீ இனி இல்லை என்று அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. சனம் நிறைய நின்றது. தெரிந்த முகம் என்று நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"மாமா, வாப்பா இந்த முற எங்களோட எத்தன நாள் நிப்பாரு?"

"தெரியேல்லை மகள்" என்றேன்.

"வாப்பாக்கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க, என்ன?" என்றாள்.

நான் "ஓம்" என்றேன். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன அந்த ஒரு "ஓம்" இன்னும் நான் தீர்க்காத கடனாய் நிற்கிறது. அதோடுதான், என் மகளும் யாரிடமாவது இப்படிக் கேட்பதற்கு முன், யாழ்ப்பாணம் போகிறேன்.