நான்கு மில்லிமீட்டர் காது

12 ஆகஸ்ட், செவ்வாய். இரவு 10.40. கட்டிலடியில் நூல் பொம்மைகள் 46.

மதினி பின்னும் பூனைப் பொம்மைகளை நான் விற்று வந்த இணையப் பக்கத்தை இன்று முடக்கிவிட்டார்கள். அது ஒரு கார்ட்டூன் பூனை. அதன் உரிமையாளர்கள் புகார் செய்திருக்கிறார்கள். நாங்கள் அனுமதி வாங்கவில்லை என்பது உண்மை. காதை நான்கு மில்லிமீட்டர் குறைத்தால் அது வேறு பூனை என்று வெர்னியர் அளவுகோலில் அளந்து சொன்னவன் நான். ஏலக்காயில் சல்லடைக் கண் மாறினால் ரகமே மாறிவிடும். ஏலக்காய்ச் சந்தை ஊரான போடியில் வளர்ந்த புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத்தானே எல்லோரும் வாங்கினார்கள்.

என் பேச்சை நம்பித்தான் மதினி ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலையை விட்டார்.

"பொம்மை மேல புகார் வந்திருக்கு மதினி" என்று மட்டும் சொன்னேன்.

"பின்னல் பிரியுதாமா கொழுந்தனாரே? சொல்லுங்க, வெரசா சரி பண்ணிடுறேன்."

"அதெல்லாம் இல்ல."

"பின்ன, மீசை கோணலாமா? உங்க அண்ணன் மீசையப் பாத்துப் பின்னுனது, அப்படித்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே ஒரு பொம்மையின் மீசையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நான் தடுக்காமல் அறைக்கு வந்துவிட்டேன்.

நாளை:

1. இந்த 46-ல் ஒன்றைக்கூட விற்கக் கூடாது, தெரிந்தவர்களுக்கும்தான்.
2. அனுமதி கேட்டு எழுத வேண்டும். தர மாட்டார்கள்.
3. பின்னலில் குறையே இல்லை, தப்பு என்னுடையது என்று மதினியிடம் சொல்ல வேண்டும்.
4. அவர் திரும்ப வேலைக்குப் போவதென்றால், கிட்டங்கி முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டியது நான். மதினி இல்லை.