கூப்பிடும் முன்பே

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணியும் நலம்தானே? லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். இது நான்காவது வேலை, கத்தாதே. மேனேஜர், "கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க" என்றார். அவர் வாயைத் திறக்கும் முன் ராஜினாமாவை மேஜையில் வைத்தேன். என்னை ஒருவர் வெளியே போகச் சொல்வதா? பிறகுதான் தெரிந்தது, என்னைத் தலைமை மெக்கானிக்காகப் போடத்தான் கூப்பிட்டாராம். அப்போதும் தலை நிமிர்ந்தே வெளியே வந்தேன்.

உன் தங்கை

மார்ச் 12

அன்பு மிளகாய்த் தங்கைக்கு,

பள்ளிக்கூடம் விடும்வரை ஸ்கூல் பஸ்ஸில் என் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கத்தவில்லை. அம்மா இறந்துபோன பிறகு அப்பா உன்னை இரண்டு முறை அத்தை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு முறையும் "கொஞ்சம் இங்க வாம்மா" என்று கூப்பிட்டுத்தான் சொன்னார். மூன்றாம் முறை அவர் கூப்பிடவே இல்லை. நீயே பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். அப்போது உனக்கு ஒன்பது வயது. "என்ன சமத்து!" என்று எல்லாரும் மெச்சினார்கள், நானும் பெருமையடித்தேன். இங்கேயே இருக்க ஆசையா என்று உன்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால் உன் கை தானாகப் பையைத் தேடுகிறது. அந்த மேனேஜர் நம் அப்பா இல்லையம்மா. போய் வேலையைத் திருப்பிக் கேள்.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

போனேன். வாசலிலேயே திரும்பிவிடப் பார்த்தேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. "சார், எனக்கு இங்கயே இருக்கணும்னு ஆசையா இருக்கு" என்றேன். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக இதை ஒருவரிடம் சொல்கிறேன். தலைமைப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். "பழைய வேலையில இருங்க, சந்தோஷம்" என்றார். அதற்கே எனக்கு என்ன பெருமை தெரியுமா! காவலாளி வரை எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

இன்னொன்று. உன் வீட்டில் நான் ஒரு நாளைக்கு மேல் தங்கியதில்லை. அண்ணி முகம் சுளிக்கும் முன் கிளம்பிவிடுவேன். பாவம், அவர் ஒருநாளும் சுளித்ததில்லை. லீவில் பத்து நாள் வந்து இருக்கட்டுமா? தோதுப்படாதென்றால் அப்படியே எழுது. அழுதுவிட்டு வேலைக்குப் போவேன். ஆனால் உன் பதில் வரும் முன் "நான் வரவில்லை" என்று நானே எழுதிவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கை